டக்ஸ்பரி வீட்டு இரண்டு பெயர்கள்

ஹேமர்ஸ்மித், லண்டன்
5 செப்டம்பர் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

வில்ஃபுக்கு இருமல் வந்துவிட்டது.

நீ சிரிப்பாய். "டேய், டிவில வர்ற மீன் கடைக்காரனுக்கு இருமல் வந்தா உனக்கென்னடா நோவுது?" என்பாய். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் அண்ணே தெரியும். நிஜத்தில் மனுஷன் இருமுவான், தும்முவான், போர்த்திப் படுத்து எழுந்து வேலைக்குப் போவான். 'குவாரி மேடு' மாதிரித் தொடரில் யாரும் சும்மா இருமுவதில்லை. ஒருவன் கைக்குட்டையை வாயில் வைத்தால் அவனுக்குச் சவப்பெட்டி அடிக்கிறார்கள் என்று அர்த்தம். தபாலாபீஸ் அம்மாவாக நடித்த ஐரிஸ் மார்ச்சில் இருமினாள், மே மாதம் அடக்கம். இப்போது அவள் ஒரு செருப்புக் கடையில் நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்ட் வந்தது. எல்லோரையும் போல நானும் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன். உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு அப்புறம்தான் முதல் பக்கம். கடைசியில் இருந்தேன். நிம்மதியாக டீ போட்டுக்கொண்டு முன்னாலிருந்து படித்தால், நடுவில் அடைப்புக்குறிக்குள் "வில்ஃப் இலேசாக இருமுகிறான்" என்று இருக்கிறது. இலேசாகவாம்! அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆற்றுப் பாலம் வரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். கீழ்வீட்டு அம்மா நான் யாரையோ வேவு பார்க்கிறேன் என்று நினைக்கிறாள்.

தயாரிப்பாளர் ஃபேர்வெதரிடம் நேராகவே கேட்டேன். இங்கே எல்லோருக்கும் நான் உன் பெயர்தானே. "அட லயனல், அது குளிர்காலம்னு காட்டறதுக்குப்பா" என்றார். அதை என் டையைப் பார்த்துச் சொன்னார்.

பதினாறு வருஷம் அந்தக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் போலீஸ்காரன், தபால்காரன், ஒரு தடவை பிணம். வேறு என்ன தெரியும் எனக்கு? அப்பா இருந்திருந்தால், தொலைந்தது சனியன் என்றிருப்பார். நான் நடித்த எதையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. முடிகிற நேரத்தில் எழுந்துபோய் டிவியை அணைத்துவிடுவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அணைத்தார். அது இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

எட்னா அண்ணியைக் கேட்டதாகச் சொல். பஸ் ஓட்டாமல் உனக்குப் பொழுது எப்படிப் போகிறது? போனில் பேசினால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

உன் தம்பி,
பெர்சி


பர்ன்லி, லங்காஷயர்
9 செப்டம்பர் 1983

டேய் பெர்சி,

உன் இருமல் கடிதம் வந்தது. எட்னாவுக்குப் படித்துக் காட்டினேன். "இருமல்ல சாகலைன்னாலும் ஊர்க்காரங்க கையால சாவாரு உன் தம்பி. வறுத்த மீன்ல உப்பைத் தூவிட்டு அதுமேல வினிகரை ஊத்துறாரு. பதினாறு வருஷமா அந்த லண்டன்ல ஒருத்தருக்குமா தெரியல?" என்றாள். அவள் சொல்வது நியாயம்தானே. வினிகர் முதலில், உப்பு அப்புறம். அப்போதுதான் உப்பு ஒட்டும். நீ ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் உப்பைக் கழுவி ஊற்றுகிறாய். ஆலையும் புகைபோக்கியும் அட்டையில் வரைந்த தெருவில் நின்றுகொண்டு நம்ம ஊர்க்காரனாக நடித்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது என் சேதியைக் கேள். சிரிக்காதே.

மெத்தடிஸ்ட் சர்ச் கூடத்தில் நாங்கள் போடுகிற நாடகத்துக்கு ஜூனில் ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் ஜில்லியன். காலில் ஆண்பிள்ளை பூட்ஸ், தலையை நாள்கணக்கில் வாரியிருக்கமாட்டாள். டிவிக்கு ஒரு தனி நாடகம் எடுக்கிறாளாம். ஒரு பஸ் டிரைவரின் கடைசி வேலைநாள். என்னிடம் வந்து, "எனக்கு நடிக்கத் தெரிஞ்ச டிரைவர் வேணாம் மிஸ்டர் டக்ஸ்பரி. ஓட்டத் தெரிஞ்ச கிழவர் ஒருத்தர் வேணும். பேசவும் தெரிஞ்சா புண்ணியம்" என்றாள். கதாநாயகன் வேறு ஆள். நான் அவனுக்கு வண்டியை ஒப்படைக்கிற மூத்த டிரைவர். வருவது கொஞ்ச நேரம்தான். ஆனால் அதில் ஒரு பேச்சு இருக்கிறது பாரு, அதை நான் குளிக்கும்போதும் சொல்கிறேன், உருளைக்கிழங்கு தோல் சீவும்போதும் சொல்கிறேன். எட்னா இரண்டு தடவை கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

சங்க அட்டை இல்லாமல் காமிரா முன்னால் வாயைத் திறக்கக்கூடாதாம். ஜில்லியன் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். நேற்று உங்கள் நடிகர் சங்கத்திலிருந்து மிஸ் ரூக் என்று ஒரு அம்மா போன் செய்தாள்.

"மன்னிக்கணும் சார். ஒரு பேர்ல ஒருத்தர்தான் இருக்கலாம்கறது சங்க விதி. லயனல் டக்ஸ்பரின்னு ஏற்கெனவே பிரபலமான ஒருத்தர் இருக்கார். நீங்க வேற பேர் வச்சுக்கணும்."

"அம்மா, அது என் பேரும்மா. சர்ச்சுல தலையில தண்ணி ஊத்தி வச்ச பேரு."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தேழு வருஷமாக இதுதான் நடக்கிறது. பஸ்ஸில் என் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு, "டிவிக்காரர் பேரை வச்சுக்கிட்டு சுத்துறீங்களா தாத்தா?" என்று கேட்காத பயல் கிடையாது. பேங்கில் ஒரு சின்னப் பெண், "இது உங்க நிஜப் பேரா?" என்று இரண்டாவது தடவை கேட்டாள். எனக்கு முன்னால் பிறந்த பெயர் மாதிரியும் நான் அதைத் திருடிக்கொண்டு வந்த மாதிரியும் பார்க்கிறார்கள்.

எனக்கு ஆசை என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை, உனக்கே தெரியும். இது ஒன்று இருக்கிறது. அந்த நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது என் மூஞ்சிக்கு என் பெயர் வரவேண்டும். வைத்திருந்தது போதும். திருப்பிக் கொடு.

உன் அண்ணன்,
லயனல் (அசல்)


ஹேமர்ஸ்மித்
14 செப்டம்பர் 1983

அண்ணே,

முதலில் வாழ்த்து. மனதாரச் சொல்கிறேன். நீ நடிக்கவேண்டும், நன்றாக நடிப்பாய்.

ஆனால் நீ கேட்பது என்ன என்று தெரிந்துதான் கேட்கிறாயா? இது நான் ஒளிந்து எடுத்த பெயர் இல்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் நான் சங்கத்துக் கவுண்டரில் நின்றபோது பெர்சி டக்ஸ்பரி என்று பிளாக்பூலில் புறா வித்தை காட்டுகிறவர் ஒருவர் எனக்கு முன்னாலேயே பதிந்திருந்தார். சாயங்காலத்துக்குள் வேறு பெயர் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். பஸ் டெப்போவுக்குப் போன் செய்து உன்னைத்தானே கேட்டேன்? "எடுத்துக்கோடா, பஸ் ஓட்டுறவனுக்குப் பேர் எதுக்கு?" என்று சொன்னவன் யார்?

இன்று வந்த ஸ்கிரிப்டில் வில்ஃப் மூன்று இடத்தில் இருமுகிறான். ஒரு இடத்தில் அவன் மனைவி அவன் முதுகைத் தடவிவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். ஜன்னலைப் பார்த்தால் முடிந்தது அண்ணே. தொடர் போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது அந்தப் பெயர் மட்டும்தான். ஏஜெண்டு போனை எடுத்து "லயனல் டக்ஸ்பரி காலியா இருக்கார்" என்றால்தான் எதிர்முனையில் யாராவது நிமிர்வார்கள். "பெர்சி டக்ஸ்பரி" என்றால், "யாரு?" என்பார்கள். இந்த வயதில் நான் மறுபடி 'யாரு' ஆக முடியாது.

உனக்கு இது ஒரு நாள் வேலை. லியோ டக்ஸ்பரி என்று வைத்துக்கொள்ளேன், அழகாக இருக்கிறது. அம்மாவின் குடும்பப் பெயரை வைத்துக்கொள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புறாக்காரர் வசந்தத்தில் செத்துப்போய்விட்டார், சங்கப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். என் சொந்தப் பெயர் இப்போது யாரும் சீண்டாமல் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

கோபித்துக்கொள்ளாதே. ஒரு பெயர்தானே அண்ணே, அதிலென்ன இருக்கிறது உனக்கு?

பெர்சி


பர்ன்லி
17 செப்டம்பர் 1983

பெர்சி,

ஒரு பெயரில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாய். நீ அதற்கு மேல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் உனக்கு என்னென்ன இருக்கிறது என்று. எனக்கு மட்டும் லியோவாம். நாய்க்குக்கூட வீட்டில் கூப்பிட்டுப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள்.

எடுத்துக்கோ என்று நான்தான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. அப்போது எனக்கு முப்பத்தொன்று. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே மாட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ முதல் கடிதத்தில் அப்பாவை இழுத்தாய். நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எட்னா சொல்லவேண்டாம் என்றாள். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ நடித்ததை அவர் முழுதாகப் பார்த்தார். நீ பிணமாகப் படுத்திருந்ததைக்கூட நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார். "மூச்சு விடாம எம்மா நேரம் கிடக்குறான் பாரு" என்று பக்கத்து வீட்டு வால்ட்டரிடம் பெருமையாகச் சொன்னார். கதை முடிந்து பெயர்கள் வருமே, அதற்கு முன்னால்தான் எழுந்துபோய் அணைப்பார்.

நான் ஒரு நாள் கேட்டேன், ஏன்ப்பா என்று. "பெர்சின்னு நான் எதுக்கு வச்சேன்? என் தம்பி பேருடா அது. சோம் சண்டையில செத்துப்போனவன். பத்தொம்பது வயசுகூட ஆகல. அவன் பேரு நினைவுக் கல்லுல மட்டும்தான் இருக்கு. ஒரு தடவையாவது அது உசுரோட எங்கயாவது வரட்டும்னு பார்த்தேன். லயனலாம் லயனல்! பஸ் ஓட்டுறவன் பேரை எதுக்கு நான் டிவில பாக்கணும்?" என்றார்.

கேட்டாயா? நீ நடித்தது பிடிக்காமல் அணைக்கவில்லை. நீ வைத்துக்கொண்ட பெயரைப் பார்க்கப் பிடிக்காமல் அணைத்தார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், என் பெயர் வருவதற்கு முன்னால் என் அப்பா எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டு. அதுவும் உன் கணக்கில் இருக்கட்டும்.

லயனல் டக்ஸ்பரி


ஹேமர்ஸ்மித்
21 செப்டம்பர் 1983
(அஞ்சலட்டை)

கடிதம் வந்தது. இன்று வில்ஃபுக்கு எக்ஸ்ரே. பெயர் விஷயத்தை இனி எழுதவேண்டாம்.

லயனல் டக்ஸ்பரி


ஹேமர்ஸ்மித்
12 அக்டோபர் 1983

அண்ணே,

அந்த அட்டையை அனுப்பியிருக்கக்கூடாது. கையெழுத்துப் போடும்போதே தெரிந்தது, ஆனாலும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை வில்ஃப் செத்துப்போனான். ஒளிபரப்பு நவம்பரில். ஒலி பிடிக்கிற பையன் தும்மியதால் மறுபடி ஒரு முறை சாகவேண்டியிருந்தது. "கடையைச் சாத்திடு" என்பதுதான் என் கடைசி வசனம். பதினாறு வருஷத்துக்கு ஒரு வரி. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், ஃபேர்வெதர் என்னைக் கட்டிப்பிடித்தார், அழுதார், அடுத்த காட்சிக்கு விளக்கை மாற்றச் சொன்னார். கேன்டீனில் ஒரு கேக் வைத்திருந்தார்கள். அதில் நீல எழுத்தில் "போய் வா லயனல்" என்று எழுதியிருந்தது.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்தேன். என்னால் வெட்ட முடியவில்லை. போகச் சொல்வது என்னை, எழுதியிருப்பது உன் பெயரை. அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. அப்புறம் நான் அங்கே நிற்கவில்லை. மேக்கப்பைக்கூட ஒழுங்காகத் துடைக்காமல் கிளம்பி, சங்கத்து மாடிப்படி ஏறினேன். சாகக் கிடக்கிறவன் நிறத்தில் போய் நின்றால் மிஸ் ரூக் பயந்துபோனாள்.

"லயனல் டக்ஸ்பரியை விட்டுடறேன்மா. இன்னியிலிருந்து வேண்டாம்" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்? இத்தனை வருஷப் பேரு."

"யோசிச்சா வரமாட்டேன், அதான் ஓடி வந்தேன். என் பிறப்புப் பேர் காலியா இருக்கு. பெர்சி டக்ஸ்பரி. அதைக் கொடுங்க."

அவள் பெட்டியை இழுத்துத் தேடினாள். தேடினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அது போன வாரம் போயிடுச்சே சார். பர்ன்லிக்காரர் ஒருத்தர். போன்ல ரொம்பக் கோவமா இருந்தார். 'பெர்சின்னு எழுதும்மா, தம்பிக்கு வலிக்கட்டும்'னார். எனக்கு ஒண்ணும் புரியல."

அண்ணே, நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வலித்தது. நீ நினைத்த இடத்தில்தான் வலித்தது. ஆனால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விட்ட பெயர் அன்றைக்கே விடுதலையாம். லயனல் டக்ஸ்பரி இப்போது யாருக்கும் சொந்தமில்லை. ரூக் அம்மாவுக்கு ஒரு போன் செய், அது உன்னுடையது. நாடகத்தின் பெயர்ப் பட்டியல் எழுத இன்னும் நாள் இருக்கும், ஜில்லியனிடம் சொல்லி மாற்றிக்கொள். நீ ஆசைப்பட்டது அதுதானே.

எனக்கு என்ன என்று கேட்காதே. போர்ன்மத்தில் கிறிஸ்துமஸ் கூத்து ஒன்று கிடைத்திருக்கிறது. பாவாடை கட்டிக்கொண்டு சமையல்காரி வேடம். போஸ்டரில் நடிகன் பெயரே கிடையாது, "உங்கள் குவாரி மேடு வில்ஃப்" என்று மட்டும். செத்தவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, எனக்கு இல்லை. பெயர் பதியாமல் நடிப்பதைக் கூத்து முடிகிறவரை கண்டுகொள்ளமாட்டேன் என்று ரூக் அம்மா சொன்னாள். நல்ல மனுஷி.

பெயர் இல்லாத உன் தம்பி


பர்ன்லி
16 அக்டோபர் 1983

தம்பி,

கடிதத்தைப் படித்துவிட்டு எட்னா என்னோடு ஒரு நாள் முழுதும் பேசவில்லை. "பேரை எடுக்குறதுதான் எடுத்தே, அந்தப் பொம்பளகிட்ட எதுக்கு அப்படிச் சொன்னே? புத்தி கெட்டவனே" என்று மறுநாள் ஆரம்பித்தாள். இன்னும் முடிக்கவில்லை.

நான் அந்தப் பெயரைச் சொன்ன அன்றைக்கு நிலைமை இதுதான்: விடிந்தால் படப்பிடிப்பு. ஏதாவது ஒரு பெயர் சொல்லுங்கள் என்று அந்த அம்மா போனில் நிற்கிறாள். உன் அட்டை என் முன்னால் மேஜைமேல், என் பெயரில் என்னை அதட்டிக்கொண்டு. புறாக்காரர் செத்தது நீ எழுதித்தான் தெரியும். என் பெயர் உன்னிடம், உன் பெயர் என்னிடம், எப்படி இருக்கிறது பாரு என்று செய்தேன். செய்த நிமிஷம் சுகமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் அது போய்விட்டது.

படப்பிடிப்பைக் கேள். நான் முப்பத்தைந்து வருஷம் ஓட்டிய அதே தடம், அதே வண்டி. ஜில்லியன் கையைக் காட்டினாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன், சிக்னல் போட்டேன், நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். என் வாழ்க்கையில் நான் நிறுத்தத்தைத் தவறவிட்டதே இல்லை, பெர்சி! இரண்டாவது தடவை நிறுத்தினேன், பேச்சு வரவில்லை. கிழங்கு சீவும்போது தண்ணீராக வந்த பேச்சு! காலைச் சீட்டுக்கடியில் ஆட்டிக்கொண்டே இருந்தேன். "மிஸ்டர் டக்ஸ்பரி, காமிராவை மறந்துடுங்க, வண்டியை ஓட்டுங்க போதும்" என்றாள். மறக்கிறதாம்! அந்த ஒற்றைக் கண் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படியடா மறக்கிறீர்கள்? பதினாறு வருஷம் அதற்கு முன்னால் நின்று மீனை மடித்துக் கொடுத்தாயே, உப்பை எப்போது போட்டால் என்ன. இதை நான் நேரில் சொல்லமாட்டேன், எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியில் பேச்சு வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

ரூக் அம்மாவுக்குப் போன் செய்யவேண்டும். பார்க்கலாம். நீ ஒழுங்காகச் சாப்பிடு. பாவாடை கட்டினால் கீழே கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் எட்னா, கடற்கரைக் கொட்டகையில் கால் வழியாகக் குளிர் ஏறுமாம்.

அண்ணன்


போர்ன்மத்
29 டிசம்பர் 1983

அண்ணே,

புத்தாண்டு அன்று உன் நாடகம் வருகிறது என்று பத்திரிகையில் பார்த்தேன். எனக்கு அன்று இரண்டு ஆட்டம். நீ டிவியில் வண்டி ஓட்டுகிற நேரத்தில் நான் மேடையில் மாவுச் சட்டிக்குள் விழுந்துகொண்டிருப்பேன். விடுதிக்கார அம்மாவிடம் டிவியில் வருவதைப் பதிவு செய்கிற பெட்டி இல்லை. பக்கத்துக் கடையில் கேட்டேன், அவனிடமும் இல்லை. இந்த ஊரில் யாரிடமும் இல்லை.

பிள்ளைகள் என்னைப் பார்த்து, "வில்ஃப், நீ செத்துட்டியே!" என்று கத்துகிறார்கள். "சமைக்க ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று சொல்லிவைத்தேன், கொட்டகை அதிர்கிறது. நன்றாகத்தான் போகிறது. ஆனால் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் கடற்கரையில் போய் நடக்கிறேன், ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஜனவரி முடிந்தால் பாவாடையை அவிழ்த்துவிட்டு நான் யாராகப் போவேன்?

நீ ரூக் அம்மாவுக்குப் போன் செய்தாயா இல்லையா? இரண்டு மாசமாகக் கேட்கிறேன், நீ எட்னாவின் கால்வலியைப் பற்றியே எழுதுகிறாய். எந்தப் பெயர் வந்தது என்று உடனே எழுது. நாடகம் முடிந்த சூட்டோடு எழுது.

பெர்சி


பர்ன்லி
2 ஜனவரி 1984

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டபடி சூட்டோடு எழுதுகிறேன்.

நேற்று வீடு கொள்ளவில்லை. டெப்போவிலிருந்து பாதிப் பேர், சர்ச் நாடகக்காரர்கள், பக்கத்து வீட்டு வால்ட்டர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். எட்னா மாவுக்குள் கறி வைத்துச் சுட்டாள். நான் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டிருந்தேன், உன்னைப் போல.

நான் வந்தேன். என் கழுத்து இவ்வளவு குட்டை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வண்டியை நிறுத்துகிறேன், சாவியை எடுத்து அந்தப் பையன் கையில் வைக்கிறேன், பேச்சைப் பேசுகிறேன். பெர்சி, நான் நன்றாகத்தான் செய்திருக்கிறேன். வால்ட்டர் மூக்கைச் சிந்தினான். டெப்போ இன்ஸ்பெக்டர், "சிக்னல் ஒழுங்கா போட்டான்யா" என்றான், அவன் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

கதை முடிந்தது. எட்னா டீ போடுவதற்காக எழுந்தாள். போகிற போக்கில் பழக்க தோஷம், கை டிவிப் பக்கம் போனது. உனக்குத் தெரியுமா, அப்பா போனபிறகு நாங்களும் பெயர்கள் வருவதற்கு முன்னாலேயே அணைத்துக்கொண்டிருந்தோம், ஏன் என்று யோசிக்காமலே.

"இருடி, கையை எடு!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெயர்கள் மேலே போக ஆரம்பித்தன. கதாநாயகன் பெயர் போனது. அவன் மனைவியாக நடித்தவள் பெயர் போனது. அப்புறம் வந்தது. மூத்த டிரைவர், பெர்சி டக்ஸ்பரி.

நான் போன் செய்யவில்லை தம்பி. பலமுறை ரிசீவரைக் கையில் எடுத்தேன். என் பெயர் வேண்டும் என்று எனக்கு எவ்வளவு வெறி என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை மணி அடித்து அந்த அம்மா "ஹலோ" என்றுகூடச் சொல்லிவிட்டாள், நான் வைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் டிவியை அணைக்க எழுந்துபோகிற அப்பாவின் முதுகு கண்முன்னால் வந்தது. பழிக்கு எடுத்த பெயரை அவர் ஆசைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. அவர் நாற்காலி அதே மூலையில்தான் இருக்கிறது. நேற்று அதில் யாரையும் உட்கார விடவில்லை.

எழுத்து வெள்ளையாக, கொட்டை கொட்டையாக இருந்தது. வால்ட்டர், "யோவ், தப்பா உன் தம்பி பேரைப் போட்டுட்டான்யா!" என்றான். "தப்பில்ல, சும்மா இரு" என்றேன்.

காலையில் ரூக் அம்மாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். எனக்கு ஒரு வேடம் போதும், சங்க அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது டக்ஸ்பரி வீட்டுப் பெயர்கள் இரண்டும் அவள் கவுண்டரில் கிடக்கின்றன. லயனலை நீயே மறுபடி எடுத்தால் நான் கோபிக்கமாட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். அது நீ ஓட்டிய வண்டி, எல்லோருக்கும் தெரிந்த வண்டி. எதை வேண்டுமானாலும் எடு. பெயர் இல்லாமல் கடற்கரையில் சுற்றாதே, குளிர் அதிகம்.

லயனல்


ஹேமர்ஸ்மித்
8 மார்ச் 1984
(அஞ்சலட்டை)

அண்ணே,

ஒரு வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரித் தொடர், வருகிற வியாழன் இரவு எட்டு மணி. ஏஜெண்டு என் பெயரைச் சொன்னதும் "யாரு?" என்றுதான் கேட்டார்களாம். நேரில் வரச்சொல்லி, பேசவிட்டுப் பார்த்துவிட்டு எடுத்தார்கள். மூன்றாவது படுக்கையில் இருக்கிற நோயாளி. வசனம் இல்லை. இருமவேண்டும், அவ்வளவுதான். நன்றாகவே இருமியிருக்கிறேன்.

உன் பெயர் கவுண்டரிலேயே இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது, பர்ன்லியிலிருந்து ஒருவர் வருவார் என்று ரூக் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கதை முடிந்ததும் அண்ணி எழுந்து டீ போடப் போகவேண்டாம். கடைசிக்கு முந்தின வரியில் வருவேன். அதுவரை அணைக்காதீர்கள்.

பெர்சி டக்ஸ்பரி